‘அஞ்சல்’ என்று சொன்னவர்கள்

சென்ற மாத நேரலையில் நான் பேசியதை எழுதித் தரும்படி இதழ் நண்பர்கள் கேட்டார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தமிழை முறையாகப் படித்தவள் இல்லை. குமரி மாவட்டத்தில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்சிங் டிப்ளமோ; அதற்குப் பிறகு வார்டுதான் என் கல்லூரி. பழந்தமிழ் நூல்களை நாற்பதை நெருங்கும் வயதில்தான், அதுவும் இதுபோன்ற இணையக் கூட்டங்களின் தயவில், உரையோடு சேர்த்து வாசிக்கத் தொடங்கினேன். ஆகவே ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் என்னிடம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் என் வாயில் தினமும் வரும் ஒரு சொல் பழைய நூல்களில் எங்கெல்லாம் வருகிறது, வரும்போது என்ன செய்கிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

அந்தச் சொல் ‘பயப்படாதீங்க.’

ஊசி குத்தும் முன்பு சொல்கிறேன். ஸ்கேன் அறைக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, லிஃப்டுக்குள் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போய், தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிக்கிறவரிடம் சொல்கிறேன். இங்கே இங்கிலாந்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து அம்மாக்கள் யாராவது அனுமதிக்கப்பட்டால் அவர்களுடைய பிள்ளைகள் பக்கத்தில் நின்று ‘பயப்பிடாதேங்கோ அம்மா’ என்பார்கள். எங்கள் ஊரில் என் பாட்டி இதையே ‘பேடிக்காத மக்ளே’ என்பாள். இடி இடித்தாலும் அதுதான், பரீட்சைக்குப் போனாலும் அதுதான். பழைய தமிழில் இது ‘அஞ்சல்.’ சில இடங்களில் ‘அஞ்சேல்.’

இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரிய வரிகளைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். மேடையில் முழங்குவதற்கு ஏற்றவை அவைதானே. சின்னத் தொடர்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒரு மொழியின் பழைய நூல்களில் திரும்பத் திரும்ப வருபவை இந்தச் சின்னத் தொடர்கள்தான். ஐங்குறுநூற்றில் பத்துப் பாட்டும் ஒரே விளியில் தொடங்கும் பகுதிகள் உண்டு. தோழியையும் தாயையும் வாழ்த்தி அழைக்கும் அந்த விளியே பகுதிக்குப் பெயராகியிருக்கிறது. இப்படி ஏன் திரும்ப வருகின்றன என்பதற்குச் சென்ற நூற்றாண்டில் ஒரு விளக்கம் பிறந்தது. மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1930களில் யூகோஸ்லாவியாவின் கதைப்பாடகர்களைப் பதிவு செய்தார். எழுதாமல் பாடுகிறவனுக்கு ஆயத்தமான தொடர்கள் கையில் இருக்க வேண்டும், ஹோமரின் பாடல்களில் அவைதான் திரும்ப வருகின்றன என்றார். அதே வழியில் நம் சங்கப் பாடல்களை ஆராய்ந்தவர் க. கைலாசபதி. அவருடைய ஆய்வு நடந்தது இங்கேதான், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகப் புத்தகமாயிற்று. சங்கப் புலவர்கள் வாய்மொழிப் பாணர்களா, பாணர் மரபைப் பின்பற்றி எழுதியவர்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகப் போவதில்லை. ஒரு தொடர் பாடுகிறவனின் வசதிக்காகத் திரும்ப வரலாம். கேட்கிறவளுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வந்து விழுகிறது. நான் பார்த்தது அந்தப் பக்கத்தை.

முதலில் சொல்லின் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘அஞ்சல்’ இரண்டு முகம் உள்ள சொல். ‘அஞ்சுதல்’ என்ற தொழிற்பெயராகவும் நிற்கும், ‘அஞ்சாதே’ என்ற விலக்காகவும் நிற்கும். திருக்குறளிலேயே இரண்டும் உண்டு. அறிவுடைமை அதிகாரத்தில் (428) அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று சொல்லி, அதற்கு அஞ்சுவதை அறிவுடையோர் தொழில் என்கிறார். அங்கே ‘அஞ்சல்’ என்றால் பயப்படுதல். பிரிவாற்றாமையில் (1154) இதே சொல் பயப்படாதே என்று பொருள் தருகிறது. அந்தக் குறளுக்குப் பிறகு வருகிறேன். அதில் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

(தபாலுக்கும் அஞ்சல் என்றுதானே பெயர் என்று நேரலையில் ஒருவர் கேட்டார். அது வேறு சொல். திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்கு அஞ்சல் என்று பெயர். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது சாதாரணமாக வரும். தேவதூதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. நம்புவதற்கு எனக்கு ஆசைதான், தைரியம் இல்லை.)

பயத்தைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணி வைத்திருக்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வருத்தும் தெய்வம், காட்டு மிருகம், திருடன், தன் அரசன் என்று நான்கு. முதல் முறை படித்தபோது, நோயைக் காணோமே என்று ஒரு நர்ஸாக எனக்குக் குறைப்பட்டது. பிறகு வெறியாட்டுப் பாடல்களைப் படித்தேன். மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, நெற்றி பசக்கிறது. தாய்க்குக் காரணம் தெரியவில்லை. இது அணங்கின் வேலை என்று வேலனை அழைக்கிறாள். ஆக நோய் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது, அணங்கு என்ற முதல் வரிசையிலேயே. இன்றும் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர்களின் முகத்தில் நான் பார்ப்பது அந்த முதல் வகைப் பயம்தான். விலங்கு என்றால் ஓடலாம், கள்வன் என்றால் கத்தலாம். உள்ளே இருந்துகொண்டு பேர் தெரியாமல் வருத்துவதை என்ன செய்வது?

இனி குறுந்தொகை. உ.வே.சா. 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகையின் 300ஆம் பாட்டு, சிறைக்குடி ஆந்தையார் பாடியது. முதல் கூடல் முடிந்து தலைவன் விடைபெறும் நேரம். அவள் கூந்தல் குவளை மணக்கிறது, வாய் ஆம்பல் மணக்கிறது, மேனியில் தாமரைத் தாது போலப் புள்ளிகள் என்று சொல்லிக்கொண்டே வருகிறான். பிறகு, ‘அஞ்சல் என்று நான் சொன்னேனே, அந்தச் சொல்லுக்கு நீ அஞ்சாதே’ என்கிறான். கடல் சூழ்ந்த உலகமே கிடைத்தாலும் உன் நட்பை விடுவதை நினைக்கமாட்டேன் என்று முடிக்கிறான்.

இதைப் படித்த இரவு எனக்கு விடுமுறை. புத்தகத்தை மூடிவிட்டு வெகு நேரம் அடுக்களை மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். ‘அஞ்சல்’ என்று அவன் சொன்னதால்தான் அவள் அஞ்சினாள். அதுவரை இல்லாத பயம் அந்தச் சொல்லோடு உள்ளே வந்துவிட்டது. பயப்பட வேண்டாம் என்கிறானே, அப்படியானால் பயப்பட ஏதோ இருக்கிறது, இவன் போகப் போகிறான். இதை நான் எத்தனை முகங்களில் பார்த்திருக்கிறேன்! சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி, ‘பயப்படாதீங்க’ என்று நான் சொன்ன கணத்தில் என் கையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் பெண்ணின் பார்வையும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆந்தையார் அதைக் கவனித்திருக்கிறார். அவன் ஒரு முறை சொன்னது போதாமல், சொன்ன சொல்லுக்கே ஓர் ஆறுதல் சொல்ல வைக்கிறார்.

அந்தப் பாட்டின் துறைக்குறிப்பில் ‘பிரிவச்சமும் வன்புறையும்’ என்று இருக்கிறது. வன்புறை என்றால் வற்புறுத்தி, உறுதி கூறித் தேற்றுதல். அதாவது இதற்கு நம் இலக்கணத்தில் ஒரு கலைச்சொல்லே உண்டு. பிற்காலத்து நம்பியகப்பொருள் களவின் படிகளை வரிசைப்படுத்தும்போது இயற்கைப் புணர்ச்சிக்கு அடுத்து வன்புறையை வைத்து, அதற்கு அடுத்துத் ‘தெளிவு’ என்று ஒன்றை வைக்கிறது. தெளிவு என்பது அவள் அவன் சொல்லை நம்புவது. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் தேற்றினேன் என்பதோடு காரியம் முடிவதில்லை. எதிரில் இருப்பவர் தெளிந்தாரா என்பது தனிக் கட்டம். செம்மண்ணும் மழைநீரும் கலந்ததைச் சொல்லும் நாற்பதாம் பாட்டு உலகம் முழுக்கத் தெரிந்த காதல் பாட்டாகிவிட்டது. அதன் துறையைப் பாருங்கள்: தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சிய குறிப்பை அறிந்து அவன் சொன்னது. அதுவும் வன்புறைதான். ‘அஞ்சல்’ என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சொன்ன ‘அஞ்சல்.’

இப்போது அந்தப் பாக்கிக் கணக்கு.

டிப்ளமோ முடித்து, ஊரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த முதல் வருடம். அறுவைச் சிகிச்சைக்கு ஒருவரை அழைத்துப்போக வந்திருந்தேன். ஐம்பது வயது இருக்கும். அவர் தைரியமாகத்தான் இருந்தார்; அவர் மனைவிதான் ஸ்ட்ரெச்சர் கம்பியை விடவில்லை. எனக்கு அவசரம். மேலே தியேட்டரிலிருந்து இரண்டு முறை ஃபோன் வந்துவிட்டது. ‘பயப்படாதீங்க அக்கா, ஒண்ணும் ஆகாது’ என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்தார்.

அவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத ஒரு சிக்கல். அதை விளக்க வேண்டியதில்லை. உடம்பை வாங்க வந்தபோது அந்த அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார். திட்டவில்லை, அழவும் இல்லை. ‘நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க’ என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அதை எப்போதோ மறந்திருப்பேன். அவர் உண்மையிலேயே கேட்டார். சொன்னது நான்தானே என்று சரிபார்த்துக்கொள்வதுபோலக் கேட்டார்.

குறள் 1154இல் தலைவி கேட்பது இதைத்தான். அன்பு காட்டி ‘அஞ்சல்’ என்று சொன்னவரே விட்டுப் போனால், தெளிய வைத்த அந்தச் சொல்லை நம்பியவர் மேல் தவறு உண்டோ என்கிறாள். காமத்துப்பாலில் எல்லோரும் காதலைப் பார்க்கும் இடத்தில் எனக்கு அந்த வராந்தாதான் தெரிகிறது. வள்ளுவர் அந்தக் குறளில் ‘தெளித்த சொல்’ என்கிறார் பாருங்கள். வன்புறைக்குப் பின் வரும் அதே தெளிவு. அவள் தெளிந்தாள், அந்தக் கட்டமும் நடந்து முடிந்தது, கம்பியிலிருந்து கையை எடுத்தாள். அதனால்தான் இத்தனை வலி.

அதற்குப் பிறகு பல வருடம் நான் அந்தச் சொல்லைச் சொல்வதையே விட்டுவிட்டேன். யாராவது பயந்தால் ‘டாக்டர் வந்து சொல்வார்’ என்பேன். பாதுகாப்பான வாக்கியம். இங்கே வந்தபின் பயிற்சி வகுப்புகளில் பொய்யான ஆறுதல் தரக்கூடாது என்று சொல்லித் தந்தார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல நம் கையில் இல்லாததை உறுதி கூறுவது நோயாளியின் வாயை அடைக்கும் வேலை என்று நர்சிங் பாடநூல்களிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு, நான் வாயை மூடிக்கொண்டதே சரி என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். இதிலுள்ள தப்பு வெகுநாள் எனக்குப் புலப்படவில்லை.

பொய்யான ஆறுதலுக்குச் சங்கப் பாடலில் அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. கார்காலத்தில் வருவேன் என்று போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. குறுந்தொகை 66இல் தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்கள் மடத்தனமானவை, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன. கோவர்த்தனார் பாடியது. தோழியின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொந்தக் கண்ணால் பூவைப் பார்க்கிறவளிடம் மரத்துக்குப் புத்தியில்லை என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ‘மெஷின் சரியில்ல, அதான் நம்பர் இப்படிக் காட்டுது’ என்று சொல்லாத நர்ஸ் உண்டா? இதற்கு எதிர்ப் பக்கத்தில் 21ஆம் பாட்டு. ஓதலாந்தையார் பாட்டில் தலைவியே சொல்கிறாள்: காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்ல மாட்டார். கண்ணில் பூ, காதில் அவன் சொல். அவள் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறாள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு கனம் தர ஒருத்தி தயாராக இருக்கும்போது, சொல்கிறவன் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் கூடாது என்ற இடத்தில் எனக்கு உதவியது திருமுருகாற்றுப்படை. வேத வசனம் கேட்டு வளர்ந்தவள் முருகனிடம் உதவி பெற்றதை என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நக்கீரரின் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில், வழிகேட்டு வந்த ஒருவன் முருகன் முன்னால் நிற்கிறான். முருகன் முதலில் என்ன செய்கிறான் தெரியுமா? அச்சம் தரும் தன் தெய்வ உயர்நிலையை உள்ளடக்கிக்கொண்டு, மணம் கமழும் இளமை அழகைக் காட்டுகிறான். அதன்பிறகுதான் ‘அஞ்சல் ஓம்புமதி’ என்று சொல்கிறான். பயப்படுவதைத் தவிர் என்று பொருள். உடனே, உன் வரவை நான் அறிவேன் என்கிறான். ‘ஓம்பு’ என்பதும் இரண்டு முகமுள்ள சொல். பாதுகாப்பதும் ஓம்புதல்தான், தவிர்ப்பதும் ஓம்புதல்தான்.

இதில் மூன்று காரியம் இருக்கிறது என்று நேரலையில் சொன்னேன். தன் உருவத்தைத் தணித்துக்கொள்வது, பயப்படாதே என்பது, அதற்கு அடுத்து வரும் வாக்கியம். நான் முன்பெல்லாம் நடுவில் உள்ளதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நின்றபடி, கையில் ட்ரேயோடு, தலைக்கு மேல் குழல்விளக்கு எரிய. படுத்திருப்பவரின் கண்ணுக்கு நானே ஓர் அணங்குதான்.

அடுத்து வரும் வாக்கியம் என்ன என்று தேட ஆரம்பித்தபின் பழைய நூல்கள் எனக்கு வேறு மாதிரித் திறந்தன. அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 681 முதல் 669 வரை ஆண்டவன். வேதாகமத்திலும் பெயர் வருகிறது. தீராத நோய்க்காரன். அவனுடைய அரண்மனை மருத்துவர்கள் எழுதிய கடிதங்கள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. அவனுக்குச் சொல்லப்பட்ட தெய்வ வாக்குகளும் நினிவேயில் கிடைத்த பலகைகளில் உள்ளன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ‘லா தபல்லஹ்’, பயப்படாதே. அதன் கூடவே, நான் அர்பேலாவின் இஷ்தார் என்று சொல்கிறவளின் பெயர் வந்துவிடும். பெயர் சொல்லாத ஆறுதலுக்கு அந்த நோயாளி அரசன் மயங்கியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயோடு படுத்திருந்தபோது கவனித்ததும் இதுதான். தன்னைப் பார்க்க வருகிறவர்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கண்டு, ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று தொடங்கச் சொல்லி 2013இல் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். 2016இல் அவர் காலமானார். இன்று இந்நாட்டு மருத்துவமனைகளில் பலர் சட்டையில் அந்த அட்டையைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வேதாகமத்தில் இந்தத் தொடர் 365 முறை வருகிறது, வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தேன். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. ஆனாலும் நிறையவே வருகிறது. எங்கள் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘பயப்படாதே’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘அஞ்சாதே.’ ஆபிராமுக்குச் சொல்லப்படும்போது அடுத்துக் கேடயம் வருகிறது. ஏசாயாவில் அடுத்து வருவது, கூட இருக்கிறேன் என்ற உறுதி. லூக்காவில் மேய்ப்பர்களிடம் சொல்லப்படும்போது, அடுத்து ஒரு செய்தி. அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. இரவில் ஆட்டைக் காத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களைப் பயமுறுத்தியதே அந்தத் தூதன்தான். பயம் கொண்டுவந்தவனே பயப்படாதே என்கிறான். இரவு ரவுண்ட்ஸில் டார்ச்சோடு போகிற எனக்கு அவனிடம் ஓர் ஒட்டுதல் உண்டு.

இத்தனை இடத்திலும், எந்த நாட்டில் எந்தக் காலத்தில் யார் சொன்னாலும், ‘ஒன்றும் ஆகாது’ என்பது அடுத்த வாக்கியமாக வந்ததை நான் காணவில்லை. நான் யார், நான் எங்கே இருப்பேன், உன்னை நான் அறிவேன் என்பவைதான் வருகின்றன. ஆந்தையாரின் தலைவனும் உனக்குத் துன்பமே வராது என்று சொல்லவில்லை; விடமாட்டேன் என்றான். அன்று ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நான் சொன்னதில் முதல் பாதி பழைய சொல். இரண்டாம் பாதி என் சொந்தச் சரக்கு.

சொல்லாமல் விடுவதும் ஒரு குறைதான் என்பதை ஆண்டாளிடம் கற்றேன். நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் பதிகம் முழுக்க ஒரு நோயாளியின் குரல். சுற்றி இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்: அவன் ஆடையைக் கொண்டுவந்து வீசுங்கள், அவன் துழாயைக் குழலில் சூட்டுங்கள், அவன் மாலையை மார்பில் புரட்டுங்கள். காய்ச்சல்காரருக்கு நாங்கள் செய்யும் காரியங்கள்தான், மருந்து மட்டும் வேறு. அதற்கு நடுவே ஒரு புகார்: அவன் ‘அஞ்சேல்’ என்று சொல்லவில்லை. அவன் வராததைவிட, அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லி அனுப்பவில்லை என்பது அவளைச் சுடுகிறது. ‘டாக்டர் வந்து சொல்வார்’ என்று நான் கடந்துபோன படுக்கைகளை அப்போது நினைத்துக்கொண்டேன். அப்பரைப் பற்றியும் அன்று கொஞ்சம் பேசினேன்: யானை மிதிக்க வருகையில், அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்று தன் வாயாலேயே பதிகம் முழுக்கச் சொல்லிக்கொண்டவர். சொல்ல ஆள் இல்லாதபோது மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐ.சி.யூ.வில் உதடு அசைவதைப் பார்த்தால் நான் குறுக்கே பேசுவதில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு சகோதரி, அப்படியானால் இப்போது என்னதான் சொல்கிறீர்கள் என்று கேட்டார். சென்ற குளிர்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

எண்பது தாண்டிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, ‘பிள்ளை, நான் நாளைக்கு எழும்புவனோ?’ என்று கேட்டார். பெரிய விளக்கை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன், நாகர்கோவில் பக்கம் என்றேன். ‘பயப்படாதீங்கம்மா. காலையில ஏழரை வரைக்கும் நான் இந்த வார்டிலதான் இருப்பேன். மணி அடிச்சா நான்தான் வருவேன்’ என்றேன். எழும்புவாரா என்ற கேள்விக்கு, மயக்கம் கொடுக்கும் டாக்டர் காலையில் வருவார், அவரிடம் கேட்போம், கேட்கும்போது நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பெயர் அட்டையைக் கையால் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு மணி இருக்கும், மணி அடித்தது. ஓடினேன். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. மூன்றரைக்கு மறுபடியும் அடித்தது. அப்போதும் வலி இல்லை, தாகம் இல்லை, தலையணை சரியாகத்தான் இருந்தது. என்ன அம்மா வேண்டும் என்றேன்.

‘ஒண்டும் வேண்டாம் பிள்ளை’ என்றார். ‘நிக்கிறீரோ எண்டு பாத்தனான்.’